இருபது கிராம் மிக்சர்

மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, அளப்பதில் இரண்டு விதம் உண்டு. படியில் கோபுரம் கட்டி அளப்பது ஒன்று. விளிம்போடு விளிம்பாகத் தலைதட்டி அளப்பது இன்னொன்று. வானூர்ப் பக்கத்துச் செம்மண் நிலங்களில் மல்லாட்டை பிடுங்கி ஆயும் காலத்தில், களத்துக்கு வந்து சேரும் காய் கோபுரமாக அளக்கப்படும். ஆய்ந்த பெண்களுக்குக் கூலியாகப் போகும் காய் தலைதட்டி அளக்கப்படும். படியும் அதே படிதான், அளக்கிற கையும் அதே கைதான். முதல் படியை ‘ஒன்று’ என்று எண்ணாமல் ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குவார்கள். யாருக்கு லாபம் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

எங்கள் ஆயா மட்டும் கேட்பாள். “எனக்கு அளக்கும்போது மட்டும் படிக்கு மொட்டை அடிக்கிறியே, எந்த சாமிக்கு வேண்டுதல்?” என்பாள். களத்துக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு பிடி அள்ளி முறத்தில் கூடுதலாகப் போடுவார். கூலியில் குறைந்தது என்னவோ இரண்டு பிடி இருக்கும். சிரிப்பில் அது சமன் ஆகிவிடும் என்பது அந்தக் காலத்துக் கணக்கு.

உப்பை மட்டும் யாரும் தலைதட்டி அளந்து நான் பார்த்ததில்லை. மரக்காணத்திலிருந்து மூட்டை ஏற்றி வருகிறவர் தெருமுனையில் நின்று குரல் கொடுப்பார். பெண்கள் நெல்லோ மல்லாட்டையோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டுக் கூடை நிறைய வாங்கி வருவார்கள். படிக்கு மேல் வெள்ளைக் கோபுரம் சரிந்து விழ விழத்தான் அளப்பார். உப்பு அவ்வளவு மலிவு. மண்பானையில் கொட்டி அடுப்படியில் வைத்தால் மழைக்காலத்தில் தானாகக் கசிந்து தரையில் கோடு போடும். ஒரு நாளைக்கு எத்தனை கிராம் உப்புத் தின்கிறோம் என்று ஆயாவிடம் அன்று யாராவது கேட்டிருந்தால், அவனுக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டது என்று எலுமிச்சம்பழம் தேடியிருப்பாள்.

பெட்டிக்கடையிலும் எதற்கும் லேபிள் கிடையாது. கண்ணாடிச் சாடியில் கமர்கட், தேன் மிட்டாய், பொறை, வர்க்கி. கடைக்காரர் கையை விட்டு எடுத்துப் பழைய பேப்பரில் மடித்துக் கொடுப்பார். அந்தக் காகிதத்தில் பாதிக் கொலைச் செய்தியும் முக்கால்வாசி சினிமா விளம்பரமும் இருக்கும். தின்கிற பொருளைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஆனாலும் கமர்கட்டில் வெல்லம் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்பதில் ஊரில் ஒருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை. வெல்லம்தான் கமர்கட்.

கிராம் என்ற அளவில் ஒரு வேளைச் சாப்பாட்டை நாங்கள் கேள்விப்பட்டது 1982 ஜூலை 1-க்குப் பிறகு. எம்.ஜி.ஆர். சத்துணவைக் கிராமங்களில் தொடங்கிய நாள் அது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு அரிசி 100 கிராம் என்று கணக்கு. நூறு கிராம் அரிசி என்பது ஏறக்குறைய 350 கலோரி. வெந்தால் மூன்று மடங்கு எடைக்குச் சோறாகும். இந்தக் கணக்கெல்லாம் அரசாணையில் இருந்தது. சமையல் ஆயாம்மாவின் கரண்டியில் வேறொரு கணக்கு இருந்தது. வரிசையில் நிற்கிற பிள்ளையின் கன்னத்தைப் பார்ப்பார். கன்னம் ஒட்டியிருந்தால் கரண்டி ஆழமாக இறங்கும். மேலத்தெரு மளிகைக் கடைக்காரர் மகனுக்கு அது மேலாகவே வழித்துக்கொண்டு போகும். மொத்தத்தில் கூட்டிக் கழித்தால் தலைக்கு 100 கிராம் சரியாக வந்துவிடும்.

கலோரிக் கணக்கு நமக்கு அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது என்று நினைப்பவர்கள் குன்னூருக்குப் போக வேண்டும். இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோயை ஆராய ஒரே அறையில் தொடங்கிய கூடத்திலிருந்து வளர்ந்தது. அவர் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்குச் சீக்கியர் சாப்பாடு, ஒன்றுக்குப் பட்டாணியர் சாப்பாடு, ஒன்றுக்கு மதராசிச் சாப்பாடு என்று போட்டுப் பார்த்தார். சீக்கிய எலிகள் கொழுகொழுவென்று முதலிடம் பிடித்தன. தீட்டிய அரிசியை நம்பிய மதராசி எலிகள் கடைசி வரிசையில் நின்றன. நம்மூர் எலிகளின் மானம் போன கதையை விடுங்கள். அதே கூடத்தில் பிறகு இயக்குநராக இருந்த அய்க்ராய்டு, 1937-ல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையைச் சிறு நூலாக வெளியிட்டார். அரிசி, கேழ்வரகு, கம்பு, கீரை, மீன் என்று நம் வீட்டுச் சாமான்களுக்கு அருகில் எண்கள் வந்து உட்கார்ந்தது அப்போதுதான். இந்த ஜனங்களுக்கு எவ்வளவு குறைகிறது என்று கண்டுபிடிக்கப் போட்ட கணக்கு அது. எவ்வளவு கூடிவிட்டது என்று பார்க்க நாம் அதே எண்களைப் புரட்டுவோம் என்று அய்க்ராய்டு எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இனி எங்கள் சித்தப்பாவுக்கு வருகிறேன்.

சித்தப்பா மரக்காணத்து உப்பளம் ஒன்றில் கணக்கு எழுதியவர். சுண்டுகிற நீரின் அடர்த்தி 24, 25 டிகிரியைத் தொட்டால் பாத்தியில் உப்புப் பூக்கும் என்பதைக் கருவி இல்லாமலே நிறத்தை வைத்துச் சொல்வார். வாரிக் குவித்த உப்பைச் சாலையில் நின்றபடி பார்த்தே இத்தனை மூட்டை தேறும் என்பார். சாக்கில் பிடித்து எண்ணினால் ஒன்றிரண்டுதான் பிசகும். உப்பு விஷயத்தில் அவரை ஏமாற்ற ஒருவராலும் முடிந்ததில்லை, ஒரு மிக்சர் பாக்கெட் வீட்டுக்கு வரும்வரை.

ரத்தக்கொதிப்பு வந்து டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். கருவாடு போயிற்று, ஊறுகாய் போயிற்று, அப்பளம் போயிற்று. சித்தி ஒரே பிடிவாதமாக உப்பில்லாத குழம்பு வைத்தார். சித்தப்பா எதிர்ப்பேதும் சொல்லாமல் சாப்பிட்டார். அந்த அடக்கம்தான் சந்தேகத்துக்கு இடமாக இருந்தது. விசாரித்தால், மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த பிறகு உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு மிக்சர் தின்கிறார்.

இந்தக் கதவடைப்புக்கு எங்கள் கடற்கரையில் இலக்கியச் சான்றே இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாடப்பட்டவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில் அவனுடைய ஊர். அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. பாணன் போகிற வழியெல்லாம் விருந்து. கடற்கரையில் கள்ளும் சுட்ட மீனும், அடுத்து வேலூரில் சூடான சோற்றோடு ஆமான் இறைச்சி, ஆமூரில் வெண்சோறும் நண்டும். ஆனால் அந்தப் பாணனின் வீட்டு நிலைமையும் அதே பாட்டில் இருக்கிறது. குப்பையில் முளைத்த கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, அக்கம்பக்கத்தார் பார்த்தால் மானம் போகும் என்று கதவை அடைத்துக்கொண்டு குடும்பமே உண்கிறது. உப்பு விளைகிற நாட்டில் அன்று உப்பு இல்லை என்பதற்காகக் கதவைச் சாத்தினார்கள். சித்தப்பா உப்பு வேண்டும் என்பதற்காகச் சாத்தினார். நாடு முன்னேறித்தான் இருக்கிறது.

கையும் களவுமாகப் பிடித்தபோது அவர் கொஞ்சமும் அசரவில்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினார்.

“படிக்காம நான் எதையும் வாயில வைக்கிறதில்லடா. இதோ பாரு, சோடியம், பெர் சர்வ், எட்டு பர்சென்ட். நூத்துக்கு எட்டுதான். இன்னும் தொண்ணூத்திரண்டு பர்சென்ட் என் கணக்குல பாக்கி இருக்குது.”

அவர் படித்ததில் ஒரு எழுத்துப் பிழை கிடையாது. பாக்கெட்டின் பின்னால் உள்ள கட்டத்தில் கலோரி, கொழுப்பு, சர்க்கரை, சோடியம் எல்லாம் 100 கிராமுக்கு இவ்வளவு என்று ஒரு பத்தி. பக்கத்தில் சதவீதம் என்று இன்னொரு பத்தி. அந்தச் சதவீதம் மட்டும் 100 கிராமுக்கு இல்லை, ஒரு ‘சர்விங்’ அளவுக்கு. ஒரு நாளைக்கு 2,000 கலோரி, 2,000 மில்லிகிராம் சோடியம் என்று வைத்துக்கொண்டு, அதில் ஒரு சர்விங் எத்தனை பங்கு என்று சொல்வது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதி இப்படித்தான் போடச் சொல்கிறது. கண் இயல்பாகவே சின்ன எண்ணுக்குத்தான் போகும். சித்தப்பா கண்ணும் அங்கேதான் போயிருக்கிறது.

சரி, ஒரு சர்விங் என்றால் எவ்வளவு? அடியில் எறும்பு ஊர்வதுபோல ஒரு வரி இருந்தது: 20 கிராம். பாக்கெட்டில் 10 சர்விங். நிகர எடை 200 கிராம்.

அண்ணன் மகள் கேக் செய்கிறவள். மாவு நிறுக்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசு வைத்திருக்கிறாள். அதைத் திண்ணைக்குக் கொண்டுவந்தோம். எவர்சில்வர் தட்டை வைத்துச் சுழிக்குக் கொண்டுவந்து, சித்தப்பா கையாலேயே மிக்சரைப் போடச் சொன்னோம். ஓமப்பொடி விழுந்தது, காராபூந்தி உருண்டது. 14, 17, 19. நான்கு மல்லாட்டைப் பருப்பும் ஒரு கறிவேப்பிலையும் சேர்ந்தபோது 20. தட்டில் பாதி வட்டம் காலியாகத் தெரிந்தது. சித்தப்பா தட்டையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னாது இது, காக்காவுக்கு வைக்கிறதா?”

“உங்களுக்குத்தான் சித்தப்பா. ஒரு வேளைக்கு.”

“காக்காகூட இன்னும் கொஞ்சம் கேக்குமே!”

கணக்கு எழுதியவர் இல்லையா, அடுத்ததை நாங்கள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எட்டுப் பத்து எண்பது. முழுப் பாக்கெட்டையும் முடித்தால் நாளின் சோடியத்தில் நூற்றுக்கு எண்பது, அதாவது 1,600 மில்லிகிராம். கலோரிப் பக்கம் 100 கிராமுக்கு 550 என்று இருந்தது. ஆக, பாக்கெட்டுக்கு 1,100. சத்துணவில் ஒரு பிள்ளைக்கு அளந்த அரிசியைப்போல மூன்று பங்கு, மத்தியானத் தூக்கத்துக்கும் நாலு மணிக் காப்பிக்கும் நடுவே.

“இந்த சோடியம்ங்கிறது உப்பா?” என்றார்.

உப்பில் ஒரு பகுதி. சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 1,600 மில்லிகிராம் சோடியம் என்றால் 4 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்வதே 5 கிராமுக்குள். சித்தியின் உப்பில்லாத குழம்பு மிச்சம் பிடித்ததையெல்லாம் இந்தப் பாக்கெட் வட்டியோடு வசூலித்துவிட்டது.

சித்தப்பாவுக்கு வந்த கோபம் டாக்டர் மேலும் இல்லை, எங்கள் மேலும் இல்லை. “உப்பை உப்புன்னு எழுதறதுக்கு இன்னா கேடு? நான் மூட்டைக் கணக்கைப் பிடிக் கணக்கா எழுதி, உப்புக்கு வேற பேரும் போட்டிருந்தா அன்னிக்கே என்னைச் சீட்டைக் கிழிச்சு அனுப்பியிருப்பாங்க.” தட்டில் இருந்த இருபது கிராமை வாயில் போட்டுக்கொண்டுதான் இதைச் சொன்னார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

அவர் கேட்டது ஐரோப்பாவில் நடக்கிறது. 2011-ல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் லேபிள் சட்டப்படி அங்கே ‘உப்பு’ என்றே, கிராமில் போட வேண்டும். பெருக்கல் வேலையைக் கம்பெனி செய்து கொடுக்கிறது. இங்கே உப்பு வாரிய கை கால்குலேட்டர் தேட வேண்டியிருக்கிறது.

இதில் எல்லாக் குற்றத்தையும் கம்பெனிகளின் தலையில் கட்டிவிடவும் முடியாது. எங்கள் வீட்டு அண்ணி பிள்ளைகளுக்குச் சத்துமாவுத் தூள் கலந்து கொடுப்பார். டப்பாவில் இரண்டு டீஸ்பூன் என்று போட்டிருக்கும். அது தலைதட்டிய ஸ்பூன். அண்ணி போடுவது ஸ்பூனுக்கு மேல் அதே அளவு கோபுரம். கட்டத்தில் உள்ள கலோரி வெறும் தூளுக்கு. பாலும், பிள்ளை முகம் சுளிக்குமே என்று மேலே போடுகிற சர்க்கரையும் அந்தக் கட்டத்தில் இல்லை. ஆக, ஆயா காலத்து வழக்கம் மறையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. கம்பெனி தலைதட்டி அளக்கிறது, நாம் கோபுரமாக வாங்கிக்கொள்கிறோம். ‘லாபம்’ என்று சொல்லாமலே லாபம். கொழுப்பு குறைவு என்று முன்பக்கம் போட்டிருந்தால் அண்ணன் இரண்டு பங்கு எடுத்துக்கொள்வார். குறைந்ததை ஈடுகட்ட வேண்டாமா?

அமெரிக்காக்காரர்கள் இந்த வித்தையில் நமக்கு அண்ணன்மார். அங்கே ஒரு சர்விங்கில் அரை கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருந்தால் சுழி என்று அச்சிடலாம். டிக் டாக் என்ற புதினா மிட்டாயின் ஒரு சர்விங் ஒரே ஒரு மிட்டாய், எடை 0.49 கிராம். கிட்டத்தட்ட முழுக்கச் சர்க்கரை, லேபிளில் சுழி. தோசைக்கல்லில் பீய்ச்சும் எண்ணெய் டப்பாவில் கால் நொடி பீய்ச்சுவது ஒரு சர்விங். அதனால் எண்ணெயில் கொழுப்பும் சுழி. கால் நொடியை எந்த வீட்டில் எந்தக் கடிகாரம் வைத்து அளக்கிறார்கள் என்று தெரியவில்லை. இவ்வளவு துல்லியமாக எண் போட்டாலும், உண்மையான கலோரி லேபிளில் சொன்னதைவிட 20 சதவீதம் வரை கூடினால் அங்கே பொறுத்துக்கொள்கிறார்கள். ஒன்று மட்டும் ஒழுங்காக நடந்தது. 2016-ல் சர்விங் அளவுகளைத் திருத்தினார்கள். அரைக் கப் ஐஸ்கிரீமோடு ஒருவரும் எழுந்திருப்பதில்லை என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டு, முக்கால் கப்புக்குச் சற்றுக் குறைவாக, மூன்றில் இரண்டு கப் ஆக்கியது. ஜனங்கள் உண்மையில் எவ்வளவு தின்கிறார்களோ அதுதான் சர்விங், எவ்வளவு தின்ன வேண்டும் என்பது இல்லை என்பது அந்த விதியின் அடிப்படை. நம்மிடம் பெரும்பாலான தின்பண்டங்களுக்குச் சர்விங்கைத் தீர்மானிப்பவர் தயாரிப்பவரே.

வானூர்ச் சந்தை மேட்டில் நின்று பார்த்தால் இந்தச் சர்ச்சையே ஆடம்பரம் என்று தோன்றும். பரோட்டாவுக்கு லேபிள் இல்லை. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் வைத்திருக்கும் பெரிய உணவகங்கள்தான் கலோரி எழுதிவைக்க வேண்டும் என்பது 2022 ஜூலையிலிருந்து விதி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரை நிறுத்தி பீட்சா தின்கிறவருக்கு அந்தப் பாக்கியம். சால்னா ஊற்றிச் சாப்பிடுகிறவர் தன் வயிற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பெட்டிக்கடையில் இப்போது கண்ணாடிச் சாடி இல்லை. தோரணமாகச் சரம் சரமாகப் பாக்கெட்டுகள் தொங்குகின்றன. உப்பளத்துக்கும் சவுக்குத் தோப்புக்கும் முந்திரிக் காட்டுக்கும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளையின் அழுகையை நிறுத்தப் பிய்த்துக் கொடுப்பது இந்தச் சரத்திலிருந்துதான். மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத சின்னப் பொட்டலம் என்றால் ஊட்டச்சத்துக் கட்டம் போடுவதிலிருந்து விலக்கு உண்டு. அந்த விவரம் மொத்த உறையில் இருந்தால் போதும். மொத்த உறை கடைக்காரரிடம் இருக்கிறது. பெரும்பாலும் அதில் அவர் வேறு எதையாவது கட்டி வைத்திருப்பார். கொஞ்சம் பெரிய பாக்கெட்டில் கட்டம் இருக்கும். அது ஆங்கிலத்தில் இருக்கும். லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பதுதான் விதி. மற்ற மொழிகளைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. கமர்கட் மடித்துக் கொடுத்த பழைய பேப்பரில் தின்பண்டம் பற்றி ஒன்றும் இல்லாவிட்டாலும், இருந்ததைத் தமிழில் படிக்க முடிந்தது.

தில்லியில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது, மெல்ல நடக்கிறது. 2022-ல் முன்பக்கத்தில் நட்சத்திரம் போடலாம் என்று ஒரு வரைவு வந்தது. சினிமாவுக்குப் போடுவதுபோல மிக்சருக்கும் நட்சத்திரம். தவறு செய்தவனுக்கும் ஒரு அரை நட்சத்திரமாவது உறுதி என்பதுதான் அதிலுள்ள அழகு. 2024 மே மாதம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், அதாவது அந்தப் பழைய குன்னூர்க் கூடம், லேபிள் வாசகங்கள் வாங்குபவரைத் தவறாக வழிநடத்தக்கூடும் என்று தன் உணவு வழிகாட்டியிலேயே எச்சரித்தது. அதே ஆண்டு ஜூலையில் சர்க்கரை, உப்பு, நிறைகொழுப்பு அளவுகளைத் தடித்த, பெரிய எழுத்தில் போடும் யோசனைக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒப்புதல் தந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், முன்பக்க எச்சரிக்கை லேபிள் பற்றி மூன்று மாதத்தில் முடிவுக்கு வரச் சொன்னது. பிறகு அந்த அவகாசம் நீட்டப்பட்டது.

எழுத்தைப் பெரிதாக்கும்போதே மூன்று காரியங்களைச் சேர்த்துச் செய்துவிடலாம். சோடியம் என்பதற்குப் பதில் உப்பு என்று கிராமில் போடலாம். ஒரே உட்காரலில் தின்று முடிக்கிற பாக்கெட்டுக்கு முழுப் பாக்கெட்டின் கணக்கையே போடச் சொல்லலாம். தமிழ்நாட்டில் விற்பதில் அந்தக் கட்டத்தையாவது தமிழில் கட்டாயமாக்கலாம். இவற்றுக்கு ஆராய்ச்சிக் குழு எதுவும் தேவையில்லை, மை கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது சித்தப்பா இப்போது செய்வது. சதவீதப் பத்தியை அவர் பார்ப்பதே இல்லை. நிகர எடையைப் பார்க்கிறார், 100 கிராமுக்கான எண்ணைப் பார்க்கிறார், சோடியத்தை இரண்டரையால் பெருக்கி பாக்கெட்டின் மேலேயே பால்பாயிண்ட் பேனாவால் ‘உப்பு இவ்வளவு’ என்று எழுதிவைக்கிறார். எழுதிய பிறகும் சில நாள் தின்கிறார். கதவை மட்டும் சாத்துவதில்லை.